பதின்நாலின் இடம்

முத்தையன்கட்டு வலதுகரையில்
வாய்க்கால் மூன்றாம் தடவை வளைகிற இடத்தில்
என் கொட்டில்.
மேற்குப் பக்க மறைப்பு ஒரு பழைய கூரைத் தகரம்.
திரும்பி வந்த வருசம் வளவுக்குள் கிடந்தது.
எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு ஓட்டை.
துளைபோடும் மிசினுக்குக் காசில்லாத காலம்.
ஓட்டைக்கொன்றாய்க் கம்பி வளைத்துக் கொழுக்கி போட்டேன்.
ஆகவே என் சாவிகள் தொங்குவது
நான் தெரிந்தெடுத்த இடங்களில் அல்ல.
எந்தச் சாவி எந்த ஓட்டைக்கு என்பது மட்டும்
என் முடிவு.

வருகிற ஆம்பிளையளுக்கு ஒரே கேள்வி:
"என்ன தங்கச்சி, பத்துக்குப் பிறகு பதின்நாலு,
அதுக்குப் பிறகு எட்டு?
சின்னனில இருந்து பெரிசுக்கு அடுக்கத் தெரியாதோ?"

தெரியும்.
கடைக்காரன் அப்படித்தான் அடுக்குவான், அவனுக்கு விற்கவேணும்.
எனக்குப் பம்பைத் திறக்கவேணும்.
பிளக் சாவி. பத்து. நட்சத்திரத் திருப்புளி.
பதின்நாலு. எட்டு. பிறகு குறடு.
இடமிருந்து வலம் வாசித்தால் பம்ப் திறக்கும்,
வலமிருந்து இடம் வாசித்தால் பூட்டும்.

நட்டுகள் பால்மா ரின்களில்.
ரின்னில் பெயர் எழுதுவதில்லை.
உள்ளே இருக்கிற நட்டில் ஒன்றை
மூடிமேல் ஒட்டிவைத்திருக்கிறேன்.
எண்ணெய்க் கை தடவியே அறியும்.

பள்ளிக்கூட மதிலுக்கு அடித்து மிஞ்சிய
வெள்ளைப் பெயின்ற் அரை ரின்
நிரோயன் கொண்டுவந்து தந்தான்.
ஒவ்வொன்றையும் தகரத்தோடு அழுத்திப் பிடித்துச்
சுற்றிவரக் கோடு கீறினேன்.
குறட்டின் கோடு மட்டும்
கால் அகட்டி நிற்கிற ஆள் போல வந்துவிட்டது.
அழிக்கவில்லை.

வைகாசியில் ஓர் இரவு, கரண்ட் இல்லை.
சைக்கிள் கரியரில் பம்பைக் கட்டிக்கொண்டு
தவநீதன் வந்தான்.
மூவாயிரம் மிளகாய்க் கன்று வாடுதாம்,
விடிய வாய்க்கால் முறை மாறுதாம்.
"போனில வெளிச்சம் இருக்கா?"
"சார்ஜ் இல்லையக்கா."

கையை வாசிக்க விட்டேன்.
பிளக் சாவி வந்தது. பத்து வந்தது.
திருப்புளி தானாகவே உள்ளங்கைக்குள் விழுந்தது.
நாலாவது கொழுக்கியில்
தகரம் பட்டது.
வெறும் தகரம், இரவிலும் சூடு ஆறாமல்.

இல்லை என்பது
அவ்வளவு கெதியாய்க் கிடைத்தது.
குவியலாய்ப் போட்டிருந்தால்
விடியும்வரை கிண்டியிருப்பேன்,
அடியில் இருக்கும், இன்னும் அடியில் இருக்கும் என்று.
அப்படித் தேடுவதில்
எங்கட பக்கத்துச் சனத்துக்குப் பயிற்சி குறைவில்லை.

தவநீதன் "ஆர் கொண்டுபோனது?" என்றான்.
பெரிய திருகுசாவியால் ஒருமாதிரிக் கழற்றினேன்.
நட்டின் இரண்டு மூலை தேய்ந்துபோனது.
மிளகாய்க்குத் தண்ணி போனது.

அதன்பிறகு ஒரு மாதம்
எதை எடுக்கத் திரும்பினாலும்
கண்ணில் முதலில் படுவது அந்த வெள்ளைக் கோடுதான்.
மற்றச் சாவிகள் தம் கோடுகளை மறைத்துக்கொண்டு நின்றன.

புதுக்குடியிருப்பில் புதுசு வாங்கினேன்.
நகத்தளவு நீளம் கூட.
தன் கோட்டுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு தொங்கியது,
ஆருடையதோ சட்டை போட்ட பெடியன் மாதிரி.

ஆவணியில் கெங்காதரன் வந்தான்.
"இது உங்கட சாமான் போல கிடக்கக்கா.
வெங்காயத்துக்கு மூடின படங்கு பறக்காமல்
மேல வைச்சிருந்தனாங்கள்."
நான் ஒன்றும் கேட்கவில்லை.
மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு,
பல்துலக்கும் பிரசால் செம்மண்ணை எடுத்து,
கொண்டுபோய் மாட்டினேன்.
கோடு முழுக்க மறைந்தது.

புதுசு இப்போது வாசல் நிலையில் ஓர் ஆணியில்.
கேட்டு வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறது.
நாலுதரம் போய், நாலுதரமும் வந்திருக்கிறது.
அதற்கு நான் கோடு கீறவில்லை.

தகரத்தில் இரண்டு ஓட்டை இன்னும் மிச்சம்.
ஒன்று, எதுவும் மாட்ட ஏலாதபடி மிக உயரத்தில்.
மற்றதால்
மாரிக்குத் தண்ணி வரும்.